மூன்று ஆண்டு உறங்கும் நூறு ரூபாய்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டியதும் அனகாபுத்தூர். பக்கத்தில் அடையாறு. நெசவுக்குப் பேர்போன ஊர். இங்கே நெய்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் கப்பலேறி நைஜீரியாவரை போனது. இன்று வாழைநாரை நூலாக்கிச் சேலை நெய்கிறார்கள். 2021-இல் ஊர் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் முப்பது பேர் கொண்ட ஒரு ரோட்டரி சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்துக் கடைக்காரர், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஓர் ஆடிட்டர் என்று நாம் தெருவில் பார்க்கிற ஆட்கள்தான். சுற்றுவட்டாரத்தில் ஆறு அரசுப் பள்ளிகளுக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்பியும் கைகழுவும் குழாய்களும் அமைக்க நினைக்கிறார்கள். செலவு 30,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டால் இருபத்தைந்தரை லட்சம். சங்கத்தின் கையிலிருந்து போவது 2 லட்சத்து 55 ஆயிரம் மட்டுமே. ஆளுக்கு 8,500 ரூபாய். ஒரு வருடத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 23 ரூபாய், ஏறக்குறைய இரண்டு டீக்கான காசு.

இரண்டு டீ இருபத்தைந்து லட்சமாவது எப்படி? அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்தால், இதைக் கட்டியவர்களின் மூளையை வியக்காமல் இருக்க முடியாது.

முதலில் கணக்கு. சங்கம் ரொக்கமாக 3,000 டாலர் போடுகிறது. அது சேர்ந்திருக்கும் ரோட்டரி மாவட்டம் தன் பங்காக 10,000 தருகிறது. (இந்த ‘மாவட்டம்’ அரசாங்கத்தின் மாவட்டம் அல்ல; பல சங்கங்கள் சேர்ந்த ஒரு வட்டாரம், தலைமையில் ஓர் ஆளுநர்.) வேறொரு நாட்டு மாவட்டம் 5,000 தருகிறது. இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து போட்ட 15,000-க்கு, ரோட்டரிக்காரர்களின் கொடைகளைச் சேர்த்து வைக்கும் ரோட்டரி அறக்கட்டளையின் உலக நிதி நூற்றுக்கு எண்பது வீதம் 12,000 சேர்க்கிறது. கூட்டிப் பாருங்கள்: சரியாக 30,000. ‘நீ போட்டால் நானும் போடுகிறேன்’ என்கிற இந்த ஏற்பாட்டை இணைநிதி என்று சொல்லலாம். இப்படிப் பல நாட்டுக் கைகள் சேரும் உதவிக்குச் சங்கத்துக்காரர்கள் வாயில் வழங்கும் பேர் குளோபல் கிராண்ட். அதற்குக் குறைந்தபட்சத் திட்ட மதிப்பே 30,000 டாலர்தான். அதைவிடச் சிறிய வேலைக்கு டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் என்று தனி வாசல் இருக்கிறது.

மாவட்டத்துக்கு அந்த 10,000 எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஓர் உறுப்பினர் இன்று அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்கு நூறு ரூபாய் கொடுத்தால், அது உடனே செலவாவதில்லை. மூன்று ஆண்டு முதலீட்டில் உறங்குகிறது. அந்த உறக்கத்தில் கிடைக்கும் வருமானம் அறக்கட்டளையின் நிர்வாகச் செலவுக்குக் கைகொடுக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நூறு ரூபாய் விழித்தெழுந்து பிரிகிறது: நடைமுறைச் செலவுக்கு ஐந்து ரூபாய், கொடுத்தவரின் மாவட்டத்துக்கே நாற்பத்தேழரை, உலக நிதிக்கு நாற்பத்தேழரை. ஆக, மாவட்டம் இன்று தரும் பணம் மூன்று ஆண்டுக்கு முன் இதே மருந்துக் கடைக்காரரும் பல் மருத்துவரும் அக்கம்பக்கத்துச் சங்கத்தாரும் கொடுத்ததுதான். மாயம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு நன்மை உண்டு. இந்த ஆண்டு எவ்வளவு கையில் இருக்கும் என்று மாவட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு முன்பே ஓரளவு தெரியும். திட்டமிட நேரம் கிடைக்கிறது.

அந்த மூன்று ஆண்டு உறக்கத்தைப் போல, முதலைத் தொடாமல் விளைச்சலில் வேலையை நடத்துவது தமிழ்நாட்டுக்குப் பழக்கமான யோசனை. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய வேண்டுமானால், கொடையாளி நெய் வாங்கித் தரவில்லை. தொண்ணூற்றாறு ஆடு கொடுத்தார். ஆட்டைப் பொறுப்பேற்ற இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலில் அளக்க வேண்டும். கிழ ஆடு சாகும், குட்டி பிறக்கும், மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது. கல்வெட்டுகள் இதைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன: சாகாத, மூப்படையாத ஆடு. முதலீட்டு நிதிக்கு இதைவிட நல்ல பெயரை நான் எங்கும் கேட்டதில்லை.

ரோட்டரியின் மந்தை மிகச் சிறியதாகத் தொடங்கியது. 1905-இல் சிகாகோவில் பிறந்த இயக்கத்துக்கு, 1917-இல் ஆர்ச் க்ளம்ஃப் என்பவர் ஒரு நிரந்தர நிதி வேண்டும் என்று யோசனை சொன்னார். மறு ஆண்டு முதல் கொடை வந்தது. கான்சாஸ் சிட்டி சங்கம் அனுப்பிய அந்தத் தொகை 26 டாலர் 50 சென்ட். நிதியிலிருந்து முதல் உதவி வெளியே போனது 1930-இல், ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஓர் அமைப்புக்கு 500 டாலர். சென்னையில் ரோட்டரி சங்கம் தொடங்கிய ஆண்டு அதற்கு முந்தைய 1929.

பணத்தின் கதை இது. பணத்தைக் கேட்கும் கதை இன்னும் நுட்பமானது.

விண்ணப்பம் எழுதுமுன் தேவை ஆய்வு செய்ய வேண்டும். நாம் கொடுக்க ஆசைப்படுவது வேறு, ஊருக்குத் தேவைப்படுவது வேறு. இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. இதற்கு ஊர்க்கூட்டம், கேள்வித்தாள், நேர்காணல் என்று பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று ஊர்வரைபடம். பெரிய தாளையும் ஸ்கெட்ச் பேனாவையும் மக்களிடமே கொடுத்து, உங்கள் ஊரை வரையுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். நாளும் போகிற இடத்தைப் பெரிதாக வரைவார்கள், போகாத இடத்தை விட்டுவிடுவார்கள். ஒரே தெருவைப் பெரியவர் ஒருவிதமாகவும் பள்ளிப் பெண் வேறுவிதமாகவும் வரைவார்கள். அந்தப் பெண்ணின் படத்தில் பள்ளிக்கூடத்துக் குழாய் இல்லையென்றால், அவள் அதில் தண்ணீர் குடிப்பதில்லை என்று பொருள். இதை எந்தக் கேள்வித்தாளும் சொல்லாது.

ஆய்வுக்குழு பையில் இன்னொரு பொருளும் இருக்கும். பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி. டம்ளரில் நுனியை முக்கினால் சில நொடியில் எண் வந்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வேறு ஊற்றே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 2,000 என்றால் இருபது லிட்டர் கேனில் நாற்பது கிராம் உப்பு, கிட்டத்தட்ட ஏழு டீஸ்பூன். பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி பக்கம் பல பத்தாண்டுகளாகத் தோல் பதனிட்டதில் நிலத்தடி நீர் கெட்டது ஊரறிந்த விஷயம். ஆனால் விண்ணப்பத்துக்கு ஊரறிந்த விஷயம் போதாது. இந்தப் பள்ளியின் குழாயில், இந்தத் தேதியில், இந்த எண் என்று எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே குழாயில் அதே மீட்டர் காட்டும் எண்தான் வேலை நடந்ததற்குச் சாட்சி. அளக்காமல் தொடங்கியவர், முடித்தபின் எதை வைத்து ஒப்பிடுவார்?

அடுத்த கேள்வி கடினமானது: பணம் தீர்ந்தபின் இது ஓடுமா? சுத்திகரிப்பியின் உள்ளே உப்பை வடிக்கும் சவ்வு இரண்டு மூன்று ஆண்டில் மாற்றவேண்டியது. அதை வாங்கப்போவது யார்? ஒவ்வொரு லிட்டர் நல்ல தண்ணீருக்கும் ஒன்றிலிருந்து மூன்று லிட்டர்வரை உப்பேறிய கழிவுநீர் வெளியேறும். அது எங்கே போகும்? கழிவறைக்குத் திருப்பப் போகிறீர்களா, செடிக்கு விட்டால் செடி தாங்குமா? மின்கட்டணம் யார் தலையில்? இதற்கெல்லாம் பதில் இல்லாத விண்ணப்பம் திரும்பி வரும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய கருவி மறு கோடையில் தூசி படிந்து நிற்பதை நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருக்கிறோம். அந்தத் தூசியைத் திறப்பு விழாவுக்கு முன்பே துடைப்பதுதான் இந்தக் கேள்விகளின் வேலை. நிலைபேறு, அதாவது உதவியவர் போனபின்பும் வேலை நிற்காமல் நடப்பது, முழு விண்ணப்பத்திலும் மிக முக்கியமான பகுதி என்பது என் கருத்து.

வெளிநாட்டுப் பணம் வரும் பாதை தனிச் சுவாரசியம். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். அதன்படி வெளிநாட்டுக் கொடை இந்தியாவில் முதலில் இறங்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஸ்டேட் பாங்கின் புது டெல்லி முதன்மைக் கிளை. அனகாபுத்தூர்க் குழாய்க்கு வரும் டாலரும் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே கால் வைத்துவிட்டுத்தான் தெற்கே வரும். வாங்கும் அமைப்புக்கு இந்தச் சட்டப்படி பதிவு வேண்டும். வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நூறு ரூபாயில் இருபதுக்கு மேல் நிர்வாகச் செலவு காட்டக் கூடாது. முன்பு இது ஐம்பதாக இருந்தது. சங்கங்களுக்கு இது சிரமம் தருகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கேட்டவர் வாசல்வரை தடம் இருக்கிறது.

சங்கத்துக்குள்ளும் தடங்கள் உண்டு. கிராண்ட் கேட்கும் சங்கம் முதலில் மாவட்டத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆண்டுதோறும் மாவட்டம் நடத்தும் பயிற்சி வகுப்புக்குத் தன் ஆளை அனுப்ப வேண்டும். இந்தப் பணத்துக்கென்றே ஒரு கணக்கு, காசோலைக்கு இரண்டு கையெழுத்து. உள்ளூர்ச் சங்கத்தில் மூவர், வெளிநாட்டுச் சங்கத்தில் மூவர் என ஆறு பேர் பொறுப்பாளர்கள். சாமான் வாங்கக் குறைந்தது மூன்று கொட்டேஷன் கேட்பது வழக்கம். அந்தத் தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் தெரியும்: ஒருவர் சவ்வின் விலையைத் தனியாக எழுதியிருப்பார், ஒருவர் அதைச் சேர்த்தே போட்டிருப்பார், மூன்றாமவர் மூன்று ஆண்டுப் பராமரிப்பை உள்ளடக்கியிருப்பார். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் குறைந்ததைத் தேர்ந்தால் ஏமாந்துபோவோம். உறுப்பினர் ஒருவருக்கே அந்த வியாபாரம் என்றால், அதை அவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முடிந்துபோன வேலைக்குப் பின்னால் பணம் கேட்க முடியாது.

பிறகு அறிக்கை. வேலை நீண்டால் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடைக்கால அறிக்கை; முடிந்தபின் இரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை. அது பாக்கி இருந்தால் அடுத்த கிராண்ட் கிடையாது. இந்தக் கண்டிப்பும் நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஊர் வாரியத்துக்குக் குடவோலையால், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்பது அதில் ஒன்று. அதோடு விடவில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரும் கூடாது. ரோட்டரி அவ்வளவு தூரம் போகவில்லை.

இதே இணைநிதி யோசனை அரசாங்கத்திடமும் இருக்கிறது. 1997-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும் என்பது பொது விதி. 2014 ஏப்ரலிலிருந்து இன்னொரு ஊற்றும் திறந்தது. ஆண்டுக்கு ஐந்து கோடியோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும். விவரம் தெரிந்த சங்கம் இந்த மூன்று வாசலையும் தட்டிப் பார்க்கும். ஒருமுறை ஒழுங்காகச் செய்த தேவை ஆய்வு மூன்றுக்கும் உதவும்.

இறுதி அறிக்கை போனபின்பும் கோப்பை மூட முடியாது. ரசீது, காசோலை நகல், கொட்டேஷன், ஊர்வரைபடத்தின் படம், டிடிஎஸ் எண்கள் எழுதிய நோட்டு எல்லாம் குறைந்தது ஐந்து ஆண்டு பத்திரமாக இருக்க வேண்டும். சங்கத் தலைவர் ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார்; ஐந்து தலைவர்கள் கைமாறி அந்தக் கோப்பு அலமாரியில் இருக்கும். அதற்குள் பள்ளிக்கூடத்துச் சுத்திகரிப்பியின் சவ்வு ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கும். அந்த ரசீதும் கடைசியாக வந்து அதே கோப்பில் சேரும்.