எஞ்சின் இல்லாத ரயில்

செஞ்சியில் இன்னும் ரயில் ஓடவில்லை. அதன் பக்கத்தில், பல்லவர் குடைவரை இருக்கும் சீயமங்கலத்து ரயில் பிரியர் வந்தே பாரத்தில் ஏற, பஸ் பிடித்து விழுப்புரம் போகவேண்டும்.

2023 செப்டம்பர் 24-ல் தொடங்கிய சென்னை - திருநெல்வேலி வண்டி அங்கே நிற்கும். அவர் கண் முதலில் தேடுவது எஞ்சினை. அது கிடையாது! பாதிப் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார்கள். அதனால்தான் கிளம்பியதுமே வேகம் சரசரவென ஏறுகிறது. 2018-ல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) உருவாக்கிய ரகம் இது. சோதனை ஓட்டத்தில் 180 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

விவரம் தெரிந்தவர்கள் மோட்டார் பெட்டியில் இடம்பிடித்து, காலுக்கடியில் எழும் உறுமலைக் கேட்பார்கள்.

ஒரு குறை: கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், ஜன்னல் திறக்காது. படியில் நின்று காற்று வாங்கியவர்களுக்கு (ஆபத்துதான், ஒப்புக்கொள்வோம்) கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வதே மிச்சம். சென்னைப் பக்கம் போகையில், திண்டிவனத்தின் பெயர்ப்பலகை மஞ்சள் கோடாக நழுவிப் போகிறது.