இயந்திரத்துக்குக் காது கொடுத்தவர்

தோழர்களே! வீரசோழன் சந்தையில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். மிளகாய்க்கு விலை பேசும் குரல், ஆட்டுக்குத் தரகு பேசும் குரல்! பேச்சிலே இவர்களை வெல்ல யாரால் முடியும்? ஆனால் ஒரு மனு எழுதவேண்டுமென்றால், எழுதித் தருவதற்கு இன்னொருவரைத் தேடுகிறார்கள். பேசினால் எழுதிக்கொள்ளும் இயந்திரம் இவர்களுக்கல்லவா முதலில் வேண்டும்?

அந்த இயந்திரத்துக்கு வழிகோலியவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. 1937-இல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில், உழவர் வீட்டில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம்; நம் திருச்சுழிச் சீமை போலவே வானம் பார்த்த மண். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவரே. மணலில் எழுதிப் பழகிய கை, 1958-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்றது. 1966-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம்; செயற்கை அறிவுத் துறைக்குப் பெயரிட்ட ஜான் மெக்கார்த்தியே ஆசிரியர்.

பட்டங்களை அடுக்குவது நம் வேலையல்ல. அவர் செய்ததைப் பார்ப்போம்.

மனிதன் சொல்லுக்குச் சொல் நிறுத்தியா பேசுகிறான்? ஒன்றோடொன்று ஒட்டி ஓடுகிறது பேச்சு. எங்கே வெட்டுவது? 1969-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் சென்ற ரெட்டியின் குழு, ‘ஹியர்சே’ என்ற முறையை ஆக்கியது. அதன் இரண்டாம் வடிவத்தில் நடுவே ஒரு கரும்பலகை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியறிந்த பகுதி தன் ஊகத்தை அதில் எழுதும். சொல்லறிந்த பகுதி அதைப் பார்த்துச் சொல்லாக்கும். இலக்கணமறிந்த பகுதி, “இது பொருந்தாது” என்று தள்ளும். முழு அறிவு எந்த ஒன்றுக்கும் இல்லை; கூடித்தான் முடிவுக்கு வரும். சங்கம் கண்ட தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ!

1976-இல் அங்கே உருவான ‘ஹார்ப்பி’ சுமார் 1,000 சொற்களை அறிந்தது. 1994-இல் கணிப்பொறித் துறையின் தலையாய டூரிங் விருது, ஃபைகன்பாமுக்கும் ரெட்டிக்கும் சேர்த்துக் கிடைத்தது. எழுத்தறியாதவரும் கையாளும் கணிப்பொறி வேண்டும் என்று பின்னாளில் வலியுறுத்தினார். கிராமத்துப் பிள்ளைகளுக்கென ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2008-இல் எழுந்த பல்கலைக்கழகத்துக்கும் தோள் கொடுத்தார்.

இன்று கைப்பேசி தமிழ் கேட்கிறது. மேடைத் தமிழ் என்றால் சரியாகவே எழுதுகிறது. சந்தைத் தமிழ் என்றால் திணறுகிறது. குரலைப் பதிந்து, அதற்குரிய எழுத்தையும் காட்டினால்தானே அது கற்கும்? நம் ஆட்டுத் தரகரின் குரலைப் பதிய எவர் வந்தார்? நரிக்குடிப் பள்ளியிலே படிக்கும் பிள்ளை ஒன்று நாளை அந்த ஆய்வுக்கூடத்தில் நுழைந்தால் வரும். அதற்குக் கல்லூரிக் கட்டணம் கட்டப்போவது யார்?