கம்பும் கல்லூரியும்

அஸர்த் தொழுகை முடித்துக் கல்முனைக் கடற்கரை வீதியால் நடந்துகொண்டிருந்தேன். முன்னர் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தை எதிர்ப்பட்டார். மகள் உயர்தரப் பரீட்சையில் தேறியிருந்தாள். பாடசாலை ஹொக்கி அணியின் நடுக்கள ஆட்டக்காரி.

"மாஸ்டர், கம்பைக் கீழ வைக்கமாட்டன் எண்டு நிக்கிறா. எனக்கு ஒலுவில் விருப்பம்; அவவுக்குப் பேராதனை. எந்தக் கம்பஸ் பொருத்தம் எண்டு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

எளிதில் விடை சொல்லத்தக்க கேள்வியன்று அது. அமெரிக்காவிலே, கல்வி நிலையங்களில் பால் வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1972இல் பிறந்தபின், மகளிர் ஆட்டங்களுக்கு வாய்ப்புப் பெருகிற்று. அங்கே கல்லூரிப் பயிற்றுநரே நல்ல ஹொக்கி ஆட்டக்காரியைத் தேடிச் செல்வார். பல கல்லூரிகள் உதவிப்பணமும் அளிக்கும். நம் நாட்டிலோ இஸட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே பெரும்பாலும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. தேசிய மட்டத்தில் ஒளிர்ந்த விளையாட்டு வீரர்க்கென ஒரு தனி வாசல் உண்டு. அது மிகவும் ஒடுங்கியது.

ஆயின் மாணவிக்குத் தெரிவே இல்லையா? உண்டு. அனுமதி விண்ணப்பத்திலே கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசைப்படி அவளே எழுதுகிறாள். அந்த வரிசையில் கம்புக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

"முதலில் படிப்பைத் தெரியட்டும்" என்றேன். "நாளை முழங்கால் நொந்து ஆட முடியாமற் போனாலும் அங்கே மனநிறைவோடு கற்பாளா என்று கேளுங்கள். அதே படிப்பு இரண்டு இடங்களில் இருந்தால், பிறகு ஹொக்கியைப் பாருங்கள். மகளிர் அணி உண்டா? பதினொருவர் தவறாது பயிற்சிக்கு வருகிறார்களா? பயிற்றுவிப்பவர் யார்? மைதானம் எத்தகையது? விடுதிக்குத் திரும்பும் நேரம் பயிற்சிக்கு இடந்தருமா? அங்கே ஆடும் பிள்ளைகளையே விசாரியுங்கள்."

மைதானத்தை விசாரிப்பது வீண் அன்று. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் முதலாகப் பெரும் ஹொக்கிப் போட்டிகள் செயற்கைத் தரைக்கு மாறின. அத்தரையில் பந்து விரைந்தும் சீராகவும் ஓடும். மேடுபள்ளத்தில் பழகிய கைக்கு அது புதுப்பாடம்.

"ஒலுவில் பக்கத்தில இருக்கே மாஸ்டர்?" என்றார் அவர்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியபின், இக்கரையோரப் பெண்பிள்ளைகள் பலர் வீட்டுக்கு அண்மையிலேயே பட்டம் பெற்றனர். அந்த நன்மையை யார் மறுப்பார்? எனினும் அண்மை என்பது பெற்றோரின் கணக்கு. கம்பு பிடிப்பவளுக்கும் ஒரு கணக்கு உண்டு.

"இந்தக் கேள்விகளை இரண்டு இடத்துக்கும் கேளுங்கள். விடைகளை மகளிடம் கொடுத்து, வரிசையை அவளே எழுதட்டும்" என்றேன்.

அவர் சற்றுநேரம் கடலைப் பார்த்து நின்றார். "அவவிட்டயே கேட்டுப் பார்க்கிறன்" என்று சொல்லி வீடு நோக்கி நடந்தார்.