கைத்தொலைபேசி வாங்கப் போகிறீர்களா?

நம் பெற்றோர் காலத்தில் சைக்கிள் வாங்குவது ஒரு பெருங்காரியம். ராலே நன்றா, ஹம்பர் நன்றா என்று விறாந்தையில் இருந்து நாட்கணக்கில் ஆராய்ந்த பின்னரே பணம் பெட்டியை விட்டு வெளிவரும். அவ்வாறு வாங்கிய சைக்கிள் தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், மைந்தனிடமிருந்து பேரனுக்கும் செல்வதுண்டு. செயின் தேய்ந்தால் செயினை மாற்றலாம். டயர் போனால் டயரை மாற்றலாம். எதனை மாற்றினாலும் அது சைக்கிளாகவே ஓடும்.

இந்நாளில் அத்தகைய ஆராய்ச்சிக்கு உரிய பண்டம் கைத்தொலைபேசியே. 2020 மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் யாவும் தொலைபேசித் திரைக்குள் புகுந்தபோது, ‘பிள்ளைக்கு அது எதற்கு?’ என்றிருந்த பெற்றோரும் கடன்பட்டேனும் ஒன்றை வாங்க நேர்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. இறக்குமதிப் பண்டமாகிய தொலைபேசியின் விலையும் அதனோடு ஏறிற்று. நல்லதொரு கருவி இன்றும் ஓர் ஆசிரியரின் மாத வேதனத்தை முற்றாக விழுங்கவல்லது. ஆகவே, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே குடும்பத் தலைவரின் முதற் கேள்வியாதல் வேண்டும். ஆயின் கடைக்குச் செல்வோர் கேட்பன வேறு. படம் பிடிக்கும் கண்கள் எத்தனை, நிறம் எது, திரை எவ்வளவு பெரிது என்பன பற்றியே பேச்சு நடக்கிறது. விற்பனையாளரும் கேட்டதற்கு மட்டுமே விடை பகர்வர்.

தொலைபேசியின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் உடல் அன்று; அதனுள் உறையும் இயங்குதளம். பாடசாலைப் பாடநூல்கள் இதனையே பணிசெயல் முறைமை என்கின்றன. திரையைத் தொட்டால் ஏற்பது, படத்தைச் சேமிப்பது, வட்ஸ்அப் முதலிய செயலிகளுக்கு இடங்கொடுத்து நடத்துவது ஆகிய யாவும் இதன் கடமை. ஒரு பெரிய வீட்டின் காரியஸ்தனைப் போன்றது எனலாம். வீட்டுக்கு வருவோர் எவராயினும் அவனைக் கண்டே உள்ளே செல்லுதல் வேண்டும். கள்வர் நாள்தோறும் புதிய உபாயங்களைக் கண்டுபிடிப்பதால், காரியஸ்தனுக்கும் அவ்வப்போது புதிய எச்சரிக்கைகள் சென்றுகொண்டிருத்தல் அவசியம். அவற்றையே புதுப்பிப்பு என்பர். அஃது எந்நாள் நிற்கிறதோ அந்நாள் தொடங்கித் தொலைபேசி மூப்படைகிறது. கண்ணாடி உடையாமலும் மின்கலம் நன்றாகவும் இருக்கலாம். எனினும் வங்கியின் செயலி ஒருநாள் ‘உமது கருவி பழையது’ என்று கதவை அடைத்துவிடும். வட்ஸ்அப் நிறுவனம் 2025இல் ஐஓஎஸ் 15.1இற்கு முற்பட்ட ஐபோன்களைக் கைவிட்டது. ஐபோன் 6 வைத்திருந்தோர் எவ்வளவு பக்குவமாகப் பேணியிருப்பினும் அதனால் அவர்களுக்குப் பயன் விளையவில்லை.

இந்த விடயத்தில் பெருநிறுவனங்களும் தப்பவில்லை. நொக்கியா என்னும் பெயர் நம் ஊர்களில் கைத்தொலைபேசிக்கே மறுபெயராய் நின்ற காலத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2007ஆம் ஆண்டளவில் உலகில் விற்பனையான திறன்பேசிகளில் பாதிக்கு மேற்பட்டவை சிம்பியன் என்னும் இயங்குதளத்தைக் கொண்டிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பின்லாந்து நாட்டு நொக்கியாவின் கருவிகள். அதே ஆண்டு யூன் மாதத்தில் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 2008இல் கூகிளின் அன்ட்ரொயிட் கொண்ட முதற் கருவி வந்தது. நான்கு ஆண்டு கழியுமுன் நொக்கியா தன் சிம்பியனைத் தானே கைவிட நேர்ந்து, 2011 பெப்ரவரியில் மைக்ரோசொப்டின் விண்டோஸ் தளத்தைத் தழுவியது. 2014இல் அதன் கைத்தொலைபேசிப் பிரிவே மைக்ரோசொப்டின் உடைமையாயிற்று.

விண்டோஸ் தொலைபேசி தரத்தில் குறைந்ததன்று. அழகியது, விரைவாக இயங்கியது, பழகுவதற்கும் எளியது. ஆயினும் அதற்கென்று செயலி எழுதுவோர் மிகச் சிலர். வாங்குவோர் குறைவாதலின் எழுதுவோர் வரவில்லை. எழுதுவோர் வராமையால் வாங்குவோரும் குறைந்தனர். 2013இல் அத்தளத்துக்கென மைக்ரோசொப்ட் ஆக்கிய யூரியூப் செயலியைக் கூகிள் தடுத்த பூசலும் நடந்தது. சந்தையில்லாத ஊரில் நல்ல வீடு கட்டியதற்கு ஒப்பாயிற்று அவர்கள் முயற்சி. 2019 டிசம்பர் 31ஆம் திகதியோடு வட்ஸ்அப் அதனை விட்டு நீங்கியது. வணிகப் பெருமக்களின் கையணியாய் விளங்கிய பிளக்பெரியின் பழைய கருவிகளுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் திகதி நிறுத்தப்பட்டன. அழைப்பு எடுப்பதற்குங்கூட அவற்றை நம்ப இயலாது போயிற்று. எஞ்சி நிற்போர் இருவர். உலகின் திறன்பேசிகளிற் பத்துக்கு ஏழளவில் அன்ட்ரொயிட். மீதியிற் பெரும்பங்கு அப்பிளின் ஐஓஎஸ்.

இவ்விருவரிடையே உள்ள வேற்றுமை யாது? ஐஓஎஸ் தளத்தையும் அது குடியிருக்கும் கருவியையும் அப்பிள் நிறுவனம் ஒன்றே ஆக்குகிறது. ஆகவே புதுப்பிப்பு வெளியானதும், தகுதியுள்ள ஐபோன்கள் அனைத்துக்கும், அவை ரொறன்ரோவில் இருப்பினும் திருநெல்வேலியில் இருப்பினும், ஒருங்கே கிடைத்துவிடும். 2018இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ் ஆர் என்னும் கருவி 12ஆம் பதிப்புடன் பிறந்து 18ஆம் பதிப்பு வரை வளர்ந்தது; 2025இல் வந்த அடுத்த பதிப்பே அதற்கு மறுக்கப்பட்டது. (அப்பதிப்பின் எண் 19 அன்று, 26. ஆண்டை ஒட்டி எண்ணிடும் புதிய வழக்கத்தால் அவ்வாறாயிற்று. இடையில் எதையும் தவறவிட்டோமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.)

அன்ட்ரொயிட்டின் கதை வேறு. லினக்ஸ் என்னும் பொது மூலத்தின் மீது எழுப்பப்பட்ட அதன் அடித்தளத்தை எந்த நிறுவனமும் கூலியின்றி எடுத்தாளலாம். மலிவான கருவிகள் ஏழைகளின் கைகளையும் எட்டியமைக்கு இத்தாராளமே காரணம். அதற்காகக் கூகிளுக்கு நாம் நன்றி பாராட்டுதல் தகும். ஆயின் கூட்டுக் குடும்பத்துச் சிக்கல்களும் அதனோடு வந்தன. கூகிள் வெளியிடும் திருத்தம் முதலிற் சில்லு செய்வோரிடம் செல்லும். பின்னர் தொலைபேசி செய்யும் நிறுவனம் அதனைத் தன் அலங்காரங்களுக்கு இசைய மாற்றும். அதன் பின்னரே நம்மிடம் வரும். இடையில் ஒருவர் அசட்டையாய் இருந்தாலும் திருத்தம் வழியிலேயே நின்றுவிடும். ஒரே அன்ட்ரொயிட் என்று பெயர் கூறினும், ஒரு கருவி ஏழாண்டு பேணப்படும். அதே கடையில் அருகே கிடக்கும் மற்றொன்று இரண்டாண்டிற் கைவிடப்படும்.

அண்மைக் காலத்தில் இந்நிலை திருந்தி வருகிறது. 2023இல் கூகிள் தன் பிக்சல் 8இற்கும், 2024 தொடக்கத்திற் சாம்சங் தன் கலக்சி எஸ் 24இற்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பை வாக்களித்தன. அவை விலையுயர்ந்தவை. நம்மை மகிழ்வித்தது அதே 2024இன் பிற்பகுதியில் வந்த கலக்சி ஏ 16 என்னும் சிக்கனக் கருவி. அதற்கும் ஆறாண்டு வாக்களிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 யூன் 20 முதல் தன் சந்தைக்கு வரும் தொலைபேசிகளுக்கு, அம்மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது ஐந்தாண்டு புதுப்பிப்பு வேண்டும் என்று விதித்திருக்கிறது.

ஒரு நுட்பத்தை ஈண்டுக் கவனித்தல் வேண்டும். இவ்வாக்குறுதிகள் பெரும்பாலும் கருவி வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவனவேயன்றி, நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவன அல்ல. நான்காண்டு வாக்களிக்கப்பட்ட கருவியை மூன்றாம் ஆண்டு முடிவில் ‘மலிவு விற்பனை’யில் வாங்குபவர் ஓராண்டையே வாங்குகிறார். மலிவின் காரணமும் அதுவாயிருக்கலாம். பணம் கொடுக்குமுன் காட்சிக்கு வைத்த கருவியை வாங்கி, அமைப்புகள் என்னும் பகுதியில் அன்ட்ரொயிட் பதிப்பையும் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியையும் பாருங்கள். அத்திகதி ஓராண்டுக்கு முற்பட்டதாயின் அக்கருவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறுவதே உத்தமம்.

தமிழ் எழுதுவோர் ஒரு காலத்தில் இரு தளங்களிலும் இன்னலுற்றனர். ஆரம்பகால அன்ட்ரொயிட் கருவிகளில் தமிழ் எழுத்து வெறுங் கட்டங்களாகத் தோன்றும். அன்றேல் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். ஐபோனிலே 2013இல் வந்த 7ஆம் பதிப்போடுதான் தமிழ் விசைப்பலகை உடன்பிறப்பாக அமைந்தது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் அவர்களின் உழைப்பு அதன் பின்னால் உண்டு. இன்று தமிழைத் தட்டெழுதுவதற்கு இரண்டுமே போதும். வாயாற் சொல்லி எழுதுவிப்பதிற் கூகிளுக்கே நாம் முதலிடம் தருவோம். 2017 முதல் அது தமிழைக் கேட்டு எழுதி வருகிறது. எழுத்துக்களைத் தேடித் தொட விரல் நடுங்கும் முதியோருக்கு இஃது ஒரு வரம்.

முதியோரைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பையும் எண்ணுதல் வேண்டும். ஐபோனில் நம் நாட்டவர் செயலி பெறுவதற்கு அப்பிளின் கடையே பொதுவழி. அன்ட்ரொயிட்டிற் கூகிளின் கடைக்குப் புறம்பாகவும் செயலியை நிறுவலாம். கற்றறிந்த இளைஞனுக்கு அது சுதந்திரம். ‘உங்கள் பொதி அஞ்சலகத்தில் நிற்கிறது, இதனைத் தொடுங்கள்’ என்று வரும் பொய்ச் செய்தியை நம்பித் தொட்டுவிடும் தாயாருக்கு அது திறந்த படலை. இரு தளத்தவரும் துறவியர் அல்லர் என்பதையும் சொல்லிவைப்போம். கூகிளின் வருவாயிற் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. நம்மை அறிவது அதன் தொழில். அப்பிளோ 2017 டிசம்பரில், மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்து வந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மேலும், ஐபோனில் முதல் தேடற்பொறியாக இருப்பதற்குக் கூகிள் 2022இல் அப்பிளுக்கு 2,000 கோடி டொலர் செலுத்தியமை அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. பகைவர் எனப்படும் இருவர் கொண்டுள்ள கொடுக்கல் வாங்கல் இத்தகையது!

நிற்க. நம்மவரில் அனேகர் ஐபோனை வாங்குவதில்லை. அவர்களுக்கு அது வருகிறது. கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் தம்பி, தான் பாவித்ததை ‘அண்ணா, இதை வைச்சிருங்கோ’ என்று கொடுத்துச் செல்வான். அன்பு பெரிது, ஆயினும் விமானநிலையத்துக்கு அவன் புறப்படுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. தன் அப்பிள் கணக்கை அக்கருவியிலிருந்து அவன் நீக்கிவிடல் வேண்டும். 2013 முதல் ஐபோன்களிற் களவைத் தடுக்கும் பூட்டு ஒன்று உளது. உரிமையாளர் கணக்கு நீங்காத கருவியை அழித்து மீளத் தொடங்கினால், அவருடைய கடவுச்சொல் இன்றி அது திறவாது. அன்ட்ரொயிட்டிலும் 2015 முதல் இத்தகைய காவல் உண்டு. அமெரிக்காவிலிருந்து வருவதாயின் இன்னுமொன்று: 2022இல் வந்த ஐபோன் 14 முதலாக அந்நாட்டில் விற்கப்படும் ஐபோன்களிற் சிம் அட்டை செருகும் துவாரமே இல்லை. மின்வடிவச் சிம் வழங்கும் சேவையாளரை இங்கு தேடிக்கொண்டே அதனைப் பெறவேண்டும். 2019 மே மாதத்து அமெரிக்கத் தடைக்குப் பின்னர் வந்த ஹுவாவி கருவிகளிற் கூகிளின் சேவைகள் இணைக்கப்படுவதில்லை என்பதையும், அவற்றைக் கொண்டுவரக் கருதும் உறவினருக்கு முற்கூட்டியே எழுதிவிடுங்கள்.

நம்மைக் கேட்டால், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுப் புதுப்பிப்பு எழுத்தில் வாக்களிக்கப்பட்ட நடுத்தர அன்ட்ரொயிட் கருவியையே வாங்கிக் கொடுக்கச் சொல்வோம். உடைந்த திரையை ஊர்க்கடையிலேயே குறைந்த செலவில் மாற்றலாம். எஞ்சும் பணத்திற்குப் புத்தகம் வாங்கலாம். பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டில் ஐபோன் வைத்திருக்க, தனியே ஊரில் வாழும் பெற்றோருக்கோ, நான்காண்டுக்கு மேற்படாத பழைய ஐபோன் ஏற்றது. ஏதேனும் சிக்கல் எழுந்தால் ரொறன்ரோவிலுள்ள மகள் தன் கருவியைப் பார்த்தபடியே ‘அம்மா, கீழே இருக்கிற இரண்டாவதைத் தொடுங்கோ’ என்று சொல்லிக்கொடுக்கலாம். ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்கு மாற எண்ணுவோர், காசு கொடுத்து வாங்கிய செயலிகள் தம்முடன் வாரா என்பதை அறிந்து மாறுக. வட்ஸ்அப் உரையாடல்களை மட்டும் 2022 முதல் இருபுறமும் கொண்டு செல்ல வழியுண்டு.

எதனைத் தெரிந்தாலும், கடையை விட்டு வெளியேறுமுன் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று தோன்றும். அதனை ஐஎம்ஈஐ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுத் தட்டி 1909இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அக்கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதியப்பட்டதா என்பதற்கு விடை வரும். விடை வந்த பின்னர் பணத்தைக் கொடுங்கள்.