சீறும் எழுத்தைச் சீராக்குவோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

குரல், இறைவன் மனிதனுக்கு அளித்த இசைக்கருவி. அதைப் பதிவு செய்யும் வசதி ஒரு காலத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் மட்டுமே இருந்தது. இன்றோ ஒரு கணிப்பொறியும் மைக்கும் இருந்தால் வீட்டிலேயே பதிவு செய்துவிடலாம். அப்படிச் செய்பவர்களை முதலில் வாட்டுவது ‘ஸ்ஸ்’ என்னும் சீறல்தான்.

சென்ற கிறிஸ்துமஸின்போது, மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையின் பாடலைப் பதிவு செய்தேன். ஊரில் இருக்கும் எங்கள் பாட்டிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. வாழ்த்து அட்டையைப் படிக்க இயலாது. ஆகவே குரலையே வாழ்த்தாக அனுப்ப எண்ணினோம். ஆனால் ‘சமாதானம்’, ‘சந்தோஷம்’ என்னும் சொற்கள் வந்த இடமெல்லாம் குக்கரில் ஆவி பீறிடுவதுபோல் காதைக் குத்தியது.

இந்தச் சீறல் எப்படி உண்டாகிறது? தொண்டையில் விரலை வைத்து ‘ஆ’ என்று பாடிப் பாருங்கள். குரல்நாண்களின் அதிர்வு தெரியும். ‘ஸ்ஸ்’ என்று சொல்லும்போது அதிர்வு இராது. நாக்கின் மேலுள்ள குறுகிய வழியே காற்று பாய்ந்து பற்களில் மோதிச் சிதறுகிறது. அவ்வொலியின் வலிமை பெரும்பாலும் விநாடிக்கு 5,000 முதல் 10,000 அதிர்வுகள் உள்ள பகுதியில் இருக்கிறது. பல மைக்குகள் இப்பகுதியைச் சற்றுக் கூட்டியே பதிவு செய்கின்றன.

வருமுன் காப்பதே சிறந்தது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் சீறல் வெகுவாகக் குறையும். பலர் சேர்ந்து பாடினால், சொல்லின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஒலியை ஒருவர் மட்டும் தெளிவாகச் சொல்ல, மற்றவர்கள் மென்மையாக விட்டுவிடலாம்.

பதிவு முடிந்த பின்னும் வழி உண்டு. ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர், பலத்த உயிரொலிகளை அமுக்கும், ‘ஸ’ தப்பித்துக்கொள்ளும். பிறகு மொத்த ஒலியையும் உயர்த்தும்போது சீறலும் தலைதூக்கும். எனவே கம்ப்ரஸரை அளவோடு பயன்படுத்த வேண்டும். ‘டி-எஸ்ஸர்’ என்னும் கருவி காவற்காரனைப் போன்றது. சீறல் வரும்போது மட்டும் அதைக் குறைத்து, மற்ற நேரம் சும்மா இருக்கும். எதிரொலி சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். இல்லையேல் சீறலும் நீண்டு ஒலிக்கும்.

நான் செய்த தவறு, அந்தக் காவற்காரனுக்கு அதிக அதிகாரம் கொடுத்ததுதான். ‘சமாதானம்’ என்பது ‘தமாதானம்’ ஆகிவிட்டது! “என்னடி, குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டதா?” என்று அம்மா சிரித்தார்கள். தங்கையோ கண் கலங்கி, “நான் சரியாகத்தானே பாடினேன், அக்கா?” என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிழை அவள் நாவில் இல்லை. என் கையில் இருந்தது.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். கணிப்பொறித் திரையில் ‘ஸ’ ஒலி, நெருங்கிய கோடுகளாலான சிறு மீனைப் போலத் தெரியும். அவ்விடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, 4 டெசிபெல் அளவு மட்டும் கையாலேயே குறைத்தேன். 6 டெசிபெல் குறைத்தால் ஒலியலையின் உயரம் பாதியாகிவிடும், அவ்வளவு தேவைப்படவில்லை. ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே கழிந்தது.

கிறிஸ்துமஸ் அன்று பாட்டி தொலைபேசியில் அழைத்தார்கள். “ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது, அம்மா. பிள்ளை பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருந்தது” என்றார்கள். தங்கை துள்ளிக் குதித்தாள்.

தோழியரே! ‘ஸ’ நம் பகைவன் அன்று; அதுவும் சொல்லுக்கு உயிர் தருவதே. அதை அழிக்காமல், அளவோடு அடக்குவோம். பிறர் குரலைத் திருத்தும் கைக்குப் பொறுமை வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.