பேஸ் கிட்டாரின் பாரம் எங்கே போகிறது?

முத்தையா முரளிதரனின் முழங்கையைப் பற்றிக் கண்டிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறவியிலேயே முழுதாக நீளாத கை அது. 1995 டிசம்பர் 26ஆம் தேதி மெல்பேர்னில் நடுவர் திரும்பத் திரும்ப 'நோ போல்' கொடுத்தபிறகு, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கமராக்களை வைத்து அந்தக் கையின் அசைவை அளந்து பார்த்தார்கள். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மைதானத்தில் பந்து வீசிப் பழகிய அதே கை, 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது. முழங்கையால் ஆகாத வேலையைத் தோளும் மணிக்கட்டும் பங்குபோட்டுக்கொண்டன.

இந்தப் பங்குபோடலை நான் அதிகம் வியந்து பார்ப்பது இசையில்தான், அதிலும் பேஸ் கிட்டாரில். கண்டியிலும் பேராதனையிலும் கலியாண மண்டபங்களில் சாப்பாடு முடிந்ததும் பைலா தொடங்கும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி கிடையாது, நொன்ஸ்டொப். பாடகர் தண்ணீர் குடிக்கலாம், கீபோர்டுக்காரர் ஒரு கையை எடுக்கலாம், பேஸ் வாசிப்பவர் மட்டும் நிறுத்த முடியாது. நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு ஒரு சுரம் என்று வைத்தாலே அரை மணி நேரத்தில் 3,600 தடவை தடித்த உலோகத் தந்தியை அழுத்தி மீட்டியாக வேண்டும். விரல் குட்டையானவர், மூட்டுவாதக்காரர், தோள் வலிக்காரர், கை மரத்துப்போகிறவர் இதை எப்படிச் சமாளிப்பது? பதிலில் பாதி இயற்பியலில் இருக்கிறது.

பேஸ் கிட்டார் பிறந்ததே பாரத்தைக் குறைக்கத்தான். அதற்கு முன் தாழ்ந்த சுரங்களை வாசித்தது ஆள் உயர டபுள் பேஸ். அதன் தந்தி நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர், தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்கருவியைக் கொண்டுவந்தார். தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர் அளவு. இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு இதுதான்.

ஆனால் 34 அங்குலம் என்பது இயற்கை விதி அல்ல. ஒரு தந்தியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், தடிப்பு, இழுவிசை. தடிப்பையும் சுருதியையும் மாற்றாமல் நீளத்தைக் குறைத்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 34 அங்குலத்தை 30 ஆக்கினால் நீளம் 12 வீதம்தான் குறைகிறது, இழுவிசையோ 22 வீதம் இறங்கிவிடுகிறது. சாதாரண பேஸில் நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. பீட்டில்ஸின் போல் மெக்கார்ட்னி கையில் நாம் பார்த்துப் பழகிய வயலின் வடிவ ஹோஃப்னர் இப்படிப்பட்ட குட்டை பேஸ்தான். ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் தன் சிறிய கைகளுக்காகவே குட்டை பேஸ்களை விரும்பியவர். அடித் தந்தியின் ஒலி சற்றுத் தளர்ந்து கேட்கும் என்பது உண்மைதான். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவர் அதைக் கவனிப்பார் என்று நான் நம்பவில்லை.

நீளம் குறைந்தால் விரல்களுக்குக் கிடைக்கும் லாபம் இன்னும் பெரியது. தந்திக்குக் கீழே குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளை பிரெட் என்கிறோம். அவற்றின் இடைவெளி, தலைப்பக்கம் அகலமாகவும் உடற்பக்கம் போகப்போக நெருக்கமாகவும் இருக்கும். 34 அங்குல பேஸில் முதல் பிரெட்டிலிருந்து நான்காவது வரை 13 சென்டிமீட்டர். விரலுக்கு ஒரு பிரெட் என்று பாடப்புத்தகம் சொன்னபடி நான்கு விரல்களையும் அங்கே பரப்பிப் பாருங்கள்: சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் உள்ளங்கை விரிந்து, தோல் இழுபட்டு, மணிக்கட்டு தானாகவே உள்பக்கம் மடங்கும். 30 அங்குல பேஸில் அதே தூரம் 11.4 சென்டிமீட்டர். பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேலே போனால் எல்லா இடைவெளியும் சரிபாதி.

கருவியை மாற்ற வசதியில்லையென்றால் விரலை மாற்றலாம். இதற்கு ஒரு சோதனை உண்டு. உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். கட்டைவிரல் எழும், சுட்டுவிரல் எழும், சுண்டுவிரலும் எழும். மோதிரவிரல் மட்டும் ஒட்டவைத்தது போலக் கிடக்கும். அது பலவீனம் அல்ல, நம் எல்லோருக்கும் பொதுவான அமைப்பு. விரல்களை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்குப் பட்டைகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. நடுவிரல் மடங்கியிருக்கும்போது மோதிரவிரலின் நாணையும் அது பிடித்துவைத்துக்கொள்கிறது.

19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் டபுள் பேஸ் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல் பரப்பிய முறை இந்த அமைப்போடு சண்டை போடுவதில்லை. சுட்டுவிரல் ஒன்று, நடுவிரல் ஒன்று, மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து ஒன்று. நான்கு பிரெட்டுக்குப் பதில் மூன்று. விரிய வேண்டிய தூரம் 13 சென்டிமீட்டரிலிருந்து 9க்கு வந்துவிடும். மிச்சத்துக்குக் கையையே நகர்த்தவேண்டும். நகர்த்துவது முழங்கையும் தோளும். அவை விரலைவிடப் பலசாலிகள். சின்னக் கைகாரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் 'விரலை நீட்டு, நீட்டு' என்று விரட்டும் ஆசிரியர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சுருதியையே இறக்கிவிடுவது இன்னொரு வழி. 1965இல் பர்மிங்காமில் உலோகத் தகடு தொழிற்சாலையில் வேலைசெய்த டோனி அயோமி என்ற இளைஞரின் வலது கை நடு, மோதிர விரல்களின் நுனிகள் இயந்திரத்தில் சிக்கி அறுந்துபோயின. இடது கைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்நுனிக்குக் கவசம் செய்தார், மெல்லிய தந்தி போட்டார், பிறகு 1971இல் 'பிளாக் சபத்' குழுவோடு கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கினார். குழுவின் பேஸ் வாசிப்பாளர் கீசர் பட்லரும் கூடவே இறங்கினார். அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை 11 வீதம் குறையும். மூன்று என்றால் 29 வீதம். ஹெவி மெட்டல் இசையின் இருண்ட, கனத்த ஒலியில் அந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்தது தோள். பேஸ் கிட்டார் சுமார் 4 கிலோ இருக்கும். நாலு மணி நேரம் ஒரே தோளில், ஒரு பட்டியில் தொங்கும். எசல பெரஹராவில் கண்டிய மேளக்காரர்களைப் பாருங்கள்: கெட பெரயவை இடுப்பில் கட்டிக்கொண்டு, வீதியில் ஆடி ஆடி வாசித்துப் போகிறார்கள். பாரம் இடுப்பெலும்பில் இறங்குகிறது. தோள் கைவீச்சுக்கென்று விடுதலையாக இருக்கிறது. பேஸ்காரர்களுக்கு இந்த அறிவு தாமதமாகத்தான் வந்தது. அகலப் பட்டி, இரண்டு தோளிலும் ஏறும் பட்டி, உயரமான ஸ்டூல் என்று இப்போது வழிகள் உண்டு. உட்கார்ந்து வாசிப்பதை அவமரியாதையாக நினைக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. மிருதங்கக்காரரை நாம் நிற்கச் சொல்வதில்லையே.

பட்டியின் நீளமும் முக்கியம். முழங்கால்வரை தொங்கவிட்ட கிட்டார் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அப்போது இடது மணிக்கட்டு கூர்மையாக மடங்குகிறது. மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும், நரம்பு நசுங்கும். இரவில் கை மரத்து எழுப்பிவிட்டால் அது 'கார்பல் டனல்' தொல்லையாக இருக்கலாம். பட்டியை ஏற்றிக் கட்டுங்கள், வைத்தியரையும் பாருங்கள். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துத் தீர்க்க முடியாது.

கருவியையே மாற்றிக்கொண்டவரும் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் வளர்ந்த ஜாகோ பஸ்டோரியஸ், அப்பாவைப் போல டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பையன். பதின்மூன்று வயதில் அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது மணிக்கட்டில் பட்ட அடி டிரம்ஸுக்கு இடைஞ்சலாகவே இருந்தது. உள்ளூர்க் குழுவில் பேஸ் வாசித்தவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தார். 1976இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளியானபோது பேஸ் கிட்டார் என்றால் என்ன என்ற எண்ணமே மாறிப்போனது. டிரம்ஸ் குச்சியின் அதிர்ச்சியைத் தாங்காத மணிக்கட்டு தந்தியைத் தாங்கியது.

இனி முதுகு. மனிதக் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. பேஸின் அடித் தந்தி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. நடுத்தர ஒலி 40 டெசிபெலில் கேட்கும் அளவுக்கு இந்த ஒலி கேட்க 80 டெசிபெலுக்கு மேல் வேண்டும். அதனால்தான் பேஸ் பெருக்கிகள் பூதங்களாக இருந்தன. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடியின் தலைப்பெட்டி மட்டும் ஏறக்குறைய 40 கிலோ. கண்டியின் படிக்கட்டுகளில் அதைத் தூக்கி ஏறியவர்களின் முதுகு என்ன பாடுபட்டிருக்கும்! இப்போது 'கிளாஸ் டி' மின்சுற்று வந்து அதே பலத்தை இரண்டு மூன்று கிலோவுக்குள் அடக்கிவிட்டது. பெருக்கி தாராளமாக உழைத்தால் வலது கை மெல்ல மீட்டினால் போதும்.

எனக்குப் பிடித்த ஆச்சரியம் இதற்கும் அப்பால் இருக்கிறது. சின்ன ஒலிபெருக்கியால் 41 அதிர்வை உருப்படியாகக் கொடுக்க முடியாது. கைத்தொலைபேசியால் சுத்தமாக முடியாது. ஆனாலும் தொலைபேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் எந்தச் சுரத்தில் போகிறது என்று நமக்குத் தெரிகிறதே, எப்படி? தந்தி 41இல் மட்டும் அதிர்வதில்லை. அதன் மடங்குகளான 82, 123, 164 ஆகியவற்றிலும் சேர்ந்து அதிர்கிறது. மேலே உள்ள இந்தச் சுரங்கள் மட்டும் காதுக்கு வந்தாலும், அவற்றுக்கிடையே உள்ள ஒழுங்கைப் பார்த்து மூளை அடிச் சுரத்தைத் தானே ஊகித்துக் கேட்டுக்கொள்கிறது. காற்றில் இல்லாத சுரம் தலைக்குள் ஒலிக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் சீபெக் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே துளையிட்ட சுழல் தட்டுகளைக் கொண்டு இந்தப் புதிரைத் தொட்டுவிட்டார். மேடையில் சின்னப் பெட்டியோடு நிற்கும் பேஸ்காரருக்குப் பெட்டி கொடுக்காத அடிச் சுரத்தை இட்டு நிரப்புவது கேட்பவரின் மூளைதான்.