மாற்று இணைய லைன்: இரண்டு இருந்தும் ஏமாந்த கதை

பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருந்த ஒரு மாலை, எங்கள் கடையில் இணையம் நின்றுபோனது. வீதியில் குழி தோண்டியவர்கள் பைபர் வயரை அறுத்துவிட்டார்கள். கியூஆரில் பணம் வந்ததா என்று பார்க்க வழியில்லை. மேல்மாடியில் உள்ள வீட்டில் கணக்குப் பார்க்கும் மகனுக்கும் வங்கிப் பக்கம் திறக்கவில்லை. என்னிடம் மாற்று லைன் இல்லாமலில்லை. அதே கம்பனியின் 4ஜி ரவுட்டர் ஒன்று இருந்தது. அதுவும் இயங்கவில்லை! பக்கத்துக் கோபுரத்துக்குப் போகும் வயரும் அதே குழியில்தான் இருந்ததாம்.

எனவே வியாபார அன்பர்களே, இரண்டாவது லைனை வேறு கம்பனியில், வேறு வழியில் எடுங்கள். வீட்டுக்கு வருவது பைபர் என்றால் மற்றது 4ஜியாக இருக்கட்டும். விளம்பரத்தை நம்பாமல், நண்பர்களின் போன்களைக் காசு மேசையில் வைத்து எந்த சிம்முக்கு சிக்னல் நன்றாக வருகிறது என்று பாருங்கள். 2025 முதல் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இங்கு உண்டு. ஆனால் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்க, சிறு கடைக்கு அது அதிகம் என்பது என் கருத்து.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி முழு நாடும் இருண்டது. வயர் நன்றாக இருந்தாலும் பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் வேண்டுமே. இவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை. இரண்டும் சேர்ந்து 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரியில் 84 வாட் மணி இருக்கிறது. வீணாவதைக் கழித்தால் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் தாங்கும். கம்பியூட்டரை அதில் மாட்டாதீர்கள், போனே போதும். மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு லைனையும் ஏற்கும் ரவுட்டர் ஒன்று வாங்கினால், ஒன்று விழுந்ததும் மற்றதற்குத் தானாக மாறும். வைஃபை பெயர் மாறாது, ஒவ்வொரு போனாக மாற்றும் தொல்லையும் இல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வெளியே வயர் அறுந்தாலும் பைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான சிறு வயர் உயிருடன்தான் இருக்கும். அதை மட்டும் பார்க்கும் ரவுட்டர், லைன் நன்றாக இருக்கிறது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடும். இணையத்தில் உள்ள ஒரு வெளி முகவரியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

கண்காணிப்புக் கமெராவின் பதிவு இணையத்துக்கு ஏறுகிறதென்றால், 4ஜிக்கு மாறும்போது அதை நிறுத்த வழி செய்யுங்கள். இல்லாவிட்டால் டேட்டா பெக்கேஜ் ஒரே நாளில் காலியாகும்.

2022 ஏப்ரல் 3இல் வாட்ஸ்அப், பேஸ்புக் தடை செய்யப்பட்டபோது எத்தனை லைன் இருந்தும் பலனில்லை. வாட்ஸ்அப்பில் ஓடர் எடுப்பவர்கள் வாடிக்கையாளர்களின் நம்பர்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

நான் மாதம் ஒருமுறை கடை மூடும் நேரத்தில் பைபர் வயரின் முனையைப் பெட்டியிலிருந்து மெதுவாகக் கழற்றி, 4ஜி எழும்புகிறதா என்று பார்க்கிறேன். சென்ற தடவை எழும்பவில்லை. சிம்முக்கு ரீலோட் போட மறந்திருந்தேன்.